குறிகட்டுவான், ஆறு எம்.பி.

உருண்டையைச் சப்பையாக்குவது என் வேலை.
கொக்குவிலில் மாடியறை,
ஃபேன் காற்றுக்குப் பறக்காமல்
பில்களின் மேல் ஒரு பழைய லென்ஸ்.
குறிகட்டுவான் இறங்குதுறையின் நடுவில் நின்று
சுற்றிவர முந்நூற்றறுபது பாகையும் எடுத்த படம்
தோலுரித்த தோடம்பழம் மாதிரி
திரையில் விரிந்து கிடக்கிறது.

உச்சி வானம் ஒரு புள்ளிதான்.
விரித்தால் மேல்விளிம்பு முழுக்க இழுபடும்,
ஒரு புள்ளிக்கு எட்டாயிரம் பிக்சல்.
அதை முதலில் குறை.
காலடியில் முக்காலியின் நிழல்.
பக்கத்துச் சீமெந்தை நகலெடுத்து மூடு.

வாடிக்கையாளர் சொன்னது ஆறு எம்.பி.
ரொறொன்ரோவில் ஒருவன் தலையைத் திருப்பமுன்
படம் போய்ச் சேர்ந்துவிட வேண்டுமாம்.
பார்க்கும் இடத்தில் தெளிவு,
மற்றதெல்லாம் மங்கல்.
நியாயம்தான். நானும் அப்படித்தான் பார்க்கிறேன்.

பதினொரு பேருக்குக் கண்ணாடி மாட்டிச் சோதித்தேன்.
பார்வை விழுந்த இடம் சிவக்கும்.
பத்துப் பேருக்குச் சிவந்தவை
படகுகள், ஐஸ்கிரீம் வண்டி,
ஒரு மஞ்சள் சேலை, ஹோட்டல் விளம்பரப் பலகை.

பதினோராவது ஆள் றெஜினோல்ட்,
தண்ணிக் கான் கொண்டுவந்தவன்,
போன வருசம்வரை லோஞ்சில் கயிறு எறிந்தவன்.
படகுகளுக்கு முதுகைக் காட்டி
தென்மேற்கே, வெறுந்தண்ணீரில்
நாற்பது விநாடி நின்றான்.
பேந்து கழற்றினான்.
"அக்கா, இது எப்ப எடுத்தனீங்கள்?"
"ஆடியிலை."
"ஆடியெண்டால் சோளகமெல்லோ.
உதிலை காத்தே இல்லை.
கடல் மெழுகிவிட்ட மாதிரிக் கிடக்குது."
கானுக்குக் காசை வாங்கிக்கொண்டு போய்விட்டான்.

மூலப்படத்தைத் திறந்து
அந்த இடத்தைப் பெருப்பித்தேன்.
இருந்தது.
நகக்கீறல்கள் ஆயிரம், எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து,
ஒவ்வொன்றின் முதுகிலும்
அரிசிக் குறுணியளவு வெளிச்சம்.
எட்டுக்கு எட்டுக் கட்டங்களாய்ப் பிரித்து
ஒவ்வொரு கட்டத்தையும் மென்பொருள் கேட்டிருக்கிறது,
நீ முக்கியமா என்று.
நுண்ணியதெல்லாம் இரைச்சல் என்பது அதன் கணக்கு.
எல்லைக்கோட்டை வைத்தவள் நான்.

ஆறு எம்.பி. ஆறுதான்.
ஓரிடத்துக்குக் கொடுத்தால்
இன்னோரிடத்தில் எடுக்க வேண்டும்.
வானத்தில் எடுக்க இனி ஒன்றும் இல்லை.

இன்று காலை மின்னஞ்சல்:
படம் நல்லாயிருக்கிறது, கெதியாக வருகிறது,
எங்கள் ஹோட்டல் பலகை மட்டும்
ஏன் இப்படிக் கலங்கித் தெரிகிறது?

காற்று, என்று எழுதினேன்.
அழித்துவிட்டு
பார்க்கிறேன், என்று எழுதினேன்.