பன்னாட்டுக் கருத்தரங்கு

இந்தக் கருத்தரங்கு பன்னாட்டுக் கருத்தரங்கு ஆனதே
என் ஒருத்தியால்தான்.
நேபாளத்துக்காரர் வரவில்லை.
வங்கதேசத்துக்காரர் திரையில் தோன்றி
ஒலியில்லாமல் உதடசைத்துவிட்டுப் போனார்.
மிஞ்சிய வெளிநாடு நான்:
யாழ்ப்பாணம், கிணற்று நீரில் நைட்ரேட்,
பன்னிரண்டு நிமிடம்.

லாட்ஜில் என் கடவுச்சீட்டை மூன்று முறை நகலெடுத்தார்கள்.
வெளிநாட்டவர் படிவத்தை
நானே தமிழில் நிரப்பப்போக
இங்கிலீஷ்ல எழுதுங்க மேடம் என்றார்கள்.
கழுத்தில் தொங்கிய அட்டையில் சுபாஷினி.
என் ஜி-யை ஷி ஆக்கியவள் கோகிலவாணி,
முதுகலை இரண்டாம் ஆண்டு.
"தப்பா டைப் பண்ணி அனுப்பியிருந்தீங்க,
நானே சரி பண்ணிட்டேன்."

சாப்பாட்டுக்குப் பிந்திய அமர்வு.
கேட்டவர் ஏழு பேர், இருவர் உறக்கத்தில்.
ஒருவர் எழுந்து,
அங்க இப்போ பிரச்சினையெல்லாம் முடிஞ்சிருச்சா என்றார்.
நைட்ரேட்டா என்றேன்.

தேநீர் இடைவேளையில் நழுவிவிட்டேன்.
அஞ்சு ரோட்டில் நின்று ரோடுகளை எண்ணினேன்,
ஆறு வந்தது.
பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் போற பஸ் எதில நிக்கும்?
கேட்டதும் மூன்று பேர் திரும்பினார்கள்.
கேரளாவா?
ஆட்டோக்காரர் கேட்டார். கொலுசுக் கடையில் கேட்டார்கள்.
கண்டக்டர் கேட்கவில்லை, முடிவே செய்துவிட்டார்;
இறங்கும் இடம் வந்ததும் சேச்சி என்றார்.

முதலில் இல்லை என்றுதான் சொன்னேன்.
இல்லை என்றால் இலங்கை,
இலங்கை என்றால் குரல் தாழ்ந்துவிடும்
ஆஸ்பத்திரி வராந்தாவில் பேசுவதுபோல.
எல்லாரும் நல்லா இருக்காங்களா?
எல்லாரும் என்பது எத்தனை பேர் என்று
எனக்கும் சரியாகத் தெரியாது.
அதற்குப் பிறகு கொலுசுக்குப் பேரம் பேச வாய் வராது.

ஆகவே முதல் அக்ரஹாரத்துத் தள்ளுவண்டியில்
ஓம், கேரளாதான் என்றேன்.
இரண்டு தட்டுவடை, நடுவே பீட்ரூட் துருவல்,
பச்சைச் சட்னி, சிவப்புச் சட்னி.
கடித்தால் முதலில் சத்தம், பிறகுதான் ருசி.
வண்டிக்காரர் அங்கப்பன்
பாலக்காட்டில் பதினொரு வருடம் பரோட்டா போட்டவராம்.
கரண்டியை வைத்துவிட்டு
மலையாளத்தில் பொழியத் தொடங்கினார்.
மென்றபடியே தலையாட்டினேன்.
ஒரு கேள்வி வந்தது.
மறுபடியும் அதே கேள்வி.
மெல்லுவதற்கு வாயில் ஒன்றும் மிச்சமில்லை.

விளங்கேல்லை அண்ணை, என்றேன்.
கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார்.
ஒன்றும் கேட்காமல்
இன்னொரு செட் போட்டு நீட்டினார்.
இரண்டுக்கும் காசு வாங்கிக்கொண்டார்.
அந்த இரண்டாவதுக்கும் வாங்கினாரே,
அதற்காகவே அவரைப் பிடித்துப்போனது எனக்கு.

திரும்பும்போது இருட்டிவிட்டது.
வடக்கே, வானத்துக்குள், வரிசையாய் விளக்குகள்.
எங்கட ஊரில் மலை இல்லை,
தண்ணீர்த் தாங்கிதான் உயரம்.
இரவில் தூரத்தே வரிசையாய் வெளிச்சமென்றால்
அது மீன்படகு.
யாரோ கடலைத் தூக்கிச் சுவரில் சாய்த்த மாதிரி இருந்தது.
ஏற்காட்டு ரோடுங்க, என்றார் பக்கத்தில் நின்றவர்,
இருவது கொண்டை ஊசி.
அவர் சொன்ன பிறகும் ஒரு படகு
வளைவில் திரும்பி மறைந்தது.

அறை 206. தேநீர் போடக் கேத்திலைத் திறந்தால்
அடியில் வெள்ளையாய்ப் படிந்திருக்கிறது.
வீட்டுக் கேத்திலிலும் இதே வெள்ளை,
மாதம் ஒருமுறை புளி போட்டுத் தேய்க்கிறேன்.
நகத்தால் சுரண்டினேன்.
இங்கே மக்னீசியம் கூடவாக இருக்கலாம்,
சோதிக்காமல் சொல்லக் கூடாது.
கைப்பையில் எப்போதும் கிடக்கும் மாதிரிப் போத்தலில்
குழாய்த் தண்ணீர் பிடித்துச் சீட்டு ஒட்டினேன்.
சேலம். குழாய். இரவு 9.40.
எடுத்தவர் பெயர்: சுபா
என்பதோடு நிறுத்தினேன்.

கதவு தட்டினார்கள்.
மூன்றாம் நகலில் என் முகம் சரியாய் விழவில்லையாம்.
இன்னொன்று வேண்டுமாம்.