திங்கட்கிழமைக்குள்

தொட்டியை நீங்களே கழற்றி வைத்தால்
நூற்றிருபது பவுண்டு குறையும் என்றான் கேலம்.
சரி என்றது என் வாய்.
கைகளை யாரும் கேட்கவில்லை.

இன்று சனிக்கிழமை. டண்டீயில் மழை;
அதைச் செய்தி என்று சொல்ல முடியாது.
மூன்றாம் மாடிக் குளியலறையில்
வார்ப்பிரும்புத் தொட்டிக்கடியில் பாதி உடம்பை நுழைத்து
மரை கழன்றவள் போல் படுத்திருக்கிறேன்.
இங்கே கழலாதது
கழிவுக்குழாயின் நட்டு ஒன்றுதான்.

வாசலில் நாற்காலி போட்டு
ஃபெர்கஸ் டார்ச் பிடிக்கிறான்.
வெளிச்சம் பெரும்பாலும் என் முழங்காலில்.
"இடப்பக்கம் திருப்பு, ஐல்சா."
யாருடைய இடம்?
மல்லாந்து கிடப்பவளுக்கு எல்லாமே மாறிப்போகிறது.
அவனுடைய இடப்பக்கமோ
மார்ச் மாதத்திலிருந்து
யார் சொல்லையும் கேட்பதில்லை.

அதனால்தான் இத்தனையும்.
தொட்டி விளிம்பின் உயரம் இருபத்துமூன்று அங்குலம்.
இரண்டு முறை அளந்தேன்,
இரண்டாம் முறை
கொஞ்சம் குறைந்திருக்குமோ என்று.

சரி, நட்டு கிடக்கட்டும், முதலில் தண்ணீர்.
சமையலறைத் தொட்டிக்கடியில் வால்வு:
ஐந்து பூச்சு பெயின்ட் தின்று கொழுத்தது.
வெள்ளை, சந்தனம், பச்சை, அதற்கும் பழைய பச்சை,
சுரண்டச் சுரண்ட
எனக்கு முன் இங்கே குனிந்தவர்கள்
ஒருவரும் அதைத் திருப்பியதில்லை என்று தெரிந்தது.
திருப்பினேன்.
குளிர்நீர்க் குழாய் ஒரு பெருமூச்சு விட்டு நின்றது.

வெந்நீர் நிற்கவில்லை.
ஓடியது. ஓடிக்கொண்டே இருந்தது.
எதையோ உடைத்துவிட்டேன் என்று நான் கத்த,
மேலே கூரையடியில் தாங்கி இருக்கிறதே,
அது காலியாகும் வரை வரும் என்றான்
இருபத்தாறு வருடம் பஸ் ஓட்டியவன்,
பிளம்பிங்கில் எந்தப் புத்தகமும் திறக்காதவன்.

"காலையில் சூடாக்கிய தண்ணீர். வீணாய்ப் போகிறது.
அடைப்பானைப் போடு."

போட்டேன்.

மூன்று விரல், ஒரு சாண்,
அப்புறம் நூலாய், அப்புறம் சொட்டாய்.
அவனை விளிம்பில் உட்கார்த்தினேன்.
வலது காலை அவனே தூக்கி உள்ளே வைத்தான்.
இடது காலை நான்:
மழையில் நனைந்த கோட்டின் கனம்.
துரு அப்பிய ஜீன்ஸைச் சுருட்டிக்கொண்டு
எதிர் விளிம்பில் நானும் உட்கார்ந்தேன்.
இதே தொட்டியில் எத்தனை வருடம்,
ஒரே நேரத்தில் இருவரும் இதுதான் முதல் முறை.
அது எங்கள் வழக்கமில்லை.

"உன் கால் எங்கே?" என்றான்.
உன் கால் மேல்தான்.
குனிந்து பார்த்தான்.
"ஓ" என்றான்.

பிஸ்கட் இருக்கிறதா என்று கேட்டான்.
இருந்தது, ஆனால்
எழுந்து போக மனமில்லை.

ஆறிய பிறகு அடைப்பானைப் பிடுங்க நினைத்தோம்;
பொறுமையில்லாமல் சூட்டோடே பிடுங்கினேன்.
தொட்டி தன் கடைசி மிடறை
வெட்கமில்லாத ஏப்பத்தோடு விழுங்கியது.

மறுபடி படுத்தேன். மறுபடி ஸ்பேனர்.
காலையெல்லாம் அசையாத நட்டு
வெந்நீர் இறங்கிய தெம்பில்
ஒரு முனகல் முனகிக் கழன்றது.
எந்தப் பக்கம் திருப்பினேன் என்று கேட்காதே.
வளைகுழாயில் தேங்கியிருந்த கறுப்பு
பாதி வாளிக்குள், பாதி என் கைக்குள்.

அப்புறம் வழிகுழாய்.
பிடித்து இழுத்ததும் சுவரில் ஒரு ஓட்டை,
காசளவு பகல்.
கண்ணை வைத்தேன்:
டே ஆறு, அதன் பாலத்தில் ஒரு துண்டு,
முகத்தில் குத்தும் ஈரக்காற்று.
சாக்கடைக்குப் போகிறது என்று நம்பியிருந்தோம்;
இத்தனை காலமும் வெறும் வெளிக்குத் திறந்திருக்கிறது.

தெற்குக் காற்றடிக்கும் இரவுகளில்
மெல்லிய விசில் ஒன்று கேட்கும்.
உன் மூக்கு என்பேன் நான்.
உன்னுடையது என்பான்.
பதினொரு வருட வழக்கு.

அவனுடைய இடக்கால் சாக்ஸைச் சுருட்டி
ஓட்டையில் திணித்தேன், திங்கட்கிழமை வரை.
மழை விட்டுக் காற்று திரும்புகிறது.
யார் என்று
இன்றிரவு தெரிந்துவிடும்.