பதினெட்டு மில்லி

நேற்றோடு முடிந்தது.
கலெக்டர் ஆபீஸ் கூட்ட அரங்கில்
ஒன்பது பொன்னாடை, ஒரு சுவர்க்கடிகாரம்,
அதில் என் பெயருக்கு ஓர் எழுத்துப்பிழை.
'பாலாற்றின் குரல்' என்றார் வரவேற்றவர்.
பாலாற்றுக்குக் குரல் இருந்தால்
முதலில் என்னைத்தான் திட்டியிருக்கும்.

இருபத்தாறு வருடம் கூட்டுக்குழு.
நான் கடைமடை,
குப்பத்து கேசவுலு ரெட்டி தலைமடை.
முதல் கூட்டத்தில் அவர் மேசையைத் தட்ட
என் கை பட்டு டம்ளர் கவிழ்ந்தது.
மறுநாள் பேப்பரில் அது போராட்டம்.
ஓட்டும் விழுந்தது.

வாய்தா தள்ளிப்போன ஒரு நாள்
காட்பாடி ஜங்ஷனில் ரயில் லேட்.
ஒரே பெஞ்சில் அவரும் நானும்.
யாரும் பார்க்கவில்லை என்று
இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுப்
புளிச்சோற்றுப் பொட்டலத்தை என் பக்கம் நகர்த்தினார்.
"மீ ஊர்ல வானா?"
நாங்கள் செய்துகொண்ட ஒரே உடன்படிக்கை அது.

அன்றிலிருந்து காலை ஆறரைக்கு
அவர் மழை எனக்கு, என் மழை அவருக்கு.
ஐந்து மில்லி.
ஒன்றுமில்லை.
ஒன்றுமில்லை.
பதினொன்று.
பத்து மணிக்கு மேல் அறிக்கை விடுவோம்,
ஒரு சொட்டும் விடமாட்டோம் என்று அவர்,
ஒரு சொட்டையும் விட்டுத்தர மாட்டோம் என்று நான்.

தடுப்பணை பார்க்கப் போனபோது
ராமகுப்பம் பக்கத்தில் ஒரு பெண்
நாற்றுமுடியோடு வரப்பில் நின்று கேட்டாள்:
"இப்போதான் ரெண்டாம் போகம் பாக்குறோம்.
இதையா எடுத்துட்டுப் போகப்போறீங்க?"
என் அறிக்கையில் அந்த வரி இல்லை.
தொள்ளாயிரம் அடி போர் போட்டுப்
புழுதி மட்டும் எடுத்த
பசுமாத்தூர் ஏழுமலையின் வரி
அவர் அறிக்கையிலும் இருக்காது.

இன்னொன்றும் இல்லை.
ராத்திரியில் மணல் ஏற்றிப்போன லாரி எதிலும்
ஆந்திரா நம்பர் பிளேட் கிடையாது.
தோல் கழுவிய தண்ணீரை
ஆற்றில் விட்டவர்கள்
மேலிருந்து வந்தவர்களும் இல்லை.
இதை மேடையில் சொல்லியிருக்க வேண்டும்.
சொன்னால் மேடை இருந்திருக்காது.

சமாதானம் பற்றிப் பேசச் சொன்னார்கள் நேற்று.
எழுதிக் கொடுத்த தாள் நன்றாகத்தான் இருந்தது,
கரங்கள் கோப்பது, புறாக்கள்.
மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.
எனக்கு வேண்டியது ஓர் அளவுகல்.
புல்லூரில் ஒன்று, வாணியம்பாடியில் ஒன்று,
ஒரே பெயிண்ட், ஒரே எழுத்தளவு.
இரண்டு பக்கத்து ஆளும்
ஒரே காலையில் படித்து
ஒரே எண்ணைச் சொன்னால் போதும்.
சண்டையை அதற்கப்புறம் போடட்டும்.

என் நாற்காலிக்கு வருகிறவரிடம்
கேசவுலு நம்பரைக் கொடுத்தேன்.
"ரெக்கார்ட் ஆகுமா சார்?" என்றார்.
தப்பான கேள்வி இல்லை.

இன்று காலை ஆறரை.
"தணிகாசலம் காரு, பதினெட்டு."
"நான் இப்போது குழுவில் இல்லையே."
கொஞ்ச நேரம் இருமினார்.
"தெரியும். பதினெட்டு. எழுதிக்கோங்க."
டைரியை நேற்றே ஒப்படைத்துவிட்டேன்.
பொன்னாடை வந்த அட்டைப்பெட்டியில் எழுதினேன்.

பிறகு பாலாற்றுப் பாலம்.
கீழே நடு ஆற்றில் பையன்கள் கிரிக்கெட்.
மணல் காய்ந்து வெளுத்துக் கிடந்தது.
பதினெட்டு மில்லி ஒன்றும் செய்யாது,
நடுவில் எத்தனை அணை, எத்தனை குழி.
எனக்கும் தெரியும்.
ஆனாலும் கைப்பிடியில் குனிந்து
கத்த வாயெடுத்தேன்:
டேய், ஸ்டம்ப்பைக் கொஞ்சம்
மேட்டுப்பக்கமா நடுங்கடா.