கதவு திறந்து பதினோரு நாள்

கதவு திறந்து பதினோரு நாள்.
நானூற்றுப் பன்னிரண்டு கோழிகள்.
ஒன்றுகூட வாசல் தாண்டவில்லை.

கோனாபட்டுக்கு மேற்கே, கண்மாய்க் கரையை ஒட்டி
இரண்டு ஏக்கர் செம்மண்.
கொழுக்கட்டைப் புல் விதைத்து
லாரித் தண்ணீர் வாங்கி ஊற்றி
கணுக்கால் அளவு வளர்த்து வைத்திருந்தேன்.
இலை போட்டுப் பரிமாறியும்
ஆள் வராத விருந்து மாதிரி கிடந்தது.

‘மேய்ச்சல் கோழி’ என்று
போர்டு எழுதக் கொடுத்தாயிற்று.
பெயின்டர் முன்பணமும் வாங்கிவிட்டான்.
மேயாத கோழிக்கு என்ன எழுதச் சொல்வது?

சேவுகன் ஒன்றைத் தூக்கிப்போய்ப்
புல் நடுவில் விட்டான்.
நின்றது.
கழுத்தைச் சாய்த்து
ஒற்றைக் கண்ணால் மேலே பார்த்தது.
பிறகு ஓடிய ஓட்டம்,
வட்டிக்குக் கொடுத்தவரைத் தெருவில் பார்த்தால்
நான் ஓடுவது.

அன்று மத்தியானம் நானும் அங்கே போய்க் குந்தினேன்,
அதன் உயரத்துக்கு.
எவ்வளவு வானம்!
ஒளிய ஒரு குச்சி இல்லை.
உயரத்தில் ஒரு பருந்து
அவசரமே இல்லாமல் வட்டம் போட்டது.
நான் புல்லை மட்டும்தான் பார்த்திருக்கிறேன்
இத்தனை நாளும்.

புதருக்கடியில் பிறந்த சாதி அது.
காட்டை விட்டு வந்து
எத்தனை ஆயிரம் முட்டை தாண்டினாலும்
முதுகு மறக்கவில்லை.

பந்தல்காரர் வெள்ளைச்சாமியிடம்
கல்யாணம் இல்லாத ஆடி மாதம் பார்த்து
பாதி வாடகைக்குக் கால்களும் கீற்றும் கேட்டேன்.
“யாருக்குங்க விசேஷம்?”
சொன்னேன்.
சிரிக்காமல் இருக்க அவர் பட்ட பாடு.

கதவிலிருந்து பத்தடியில் ஒரு பந்தல்.
அங்கிருந்து இன்னொன்று.
நடுநடுவே முருங்கைப் போத்து, அகத்தி,
வேலியில் வெட்டிய கருவை மிலாறு.
எங்கே நின்று ஓடினாலும்
மூன்று மூச்சில் ஒரு நிழல்.
கதவின் கீழ்ச்சட்டம் நாலு விரல் உயரம்,
அதற்குத் தொடை வரை.
மண் கொட்டிச் சரித்தோம்.
தண்ணீர்த் தட்டு வெளியே போனது.
காலை ஆறு மணிக்கு ஒரு திறப்பு,
வெயில் தாழ்ந்து ஒன்று. நடுப்பகலில் யாரை அழைப்பது?
ஓட்டைப் பானையில் சாணமும் மக்கிய சாக்கும் திணித்துத்
தண்ணீர் தெளித்துப் புற்றோரம் கவிழ்த்தேன்.
விடிந்து நிமிர்த்தினால்
கரையான், பொரி கொட்டியதுபோல்.

இவ்வளவும் செய்து
முதலில் வெளியே வந்த கோழி
இது எதற்காகவும் வரவில்லை.
ஒரு தட்டான்.
கொட்டகைக்குள் தெரியாமல் நுழைந்து திரும்பியதைத்
துரத்திக்கொண்டே வந்தது.
வந்த பிறகுதான் வந்ததைக் கவனித்தது.
முதல் பந்தலின் கீழ் உறைந்து நின்றது.
பின்னால் இன்னொன்று. ஏழெட்டு.
அப்புறம் நான் எண்ணவில்லை,
சேவுகன் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேனாம்.

இன்றைக்கு வயது அறுபத்தெட்டு நாள்.
கடைசிப் பந்தல் தாண்டி
முந்திரித் தோப்பு வரை போகின்றன.
சருகு கிளறும் சத்தம்,
யாரோ ஓயாமல் காகிதம் கிழிப்பதுபோல.
மண்ணில் புரண்டு சிவப்பாக எழுந்து உதறுகின்றன.
பருந்தின் நிழல் விழுந்தால்
ஒரு குரல்தான்;
ஒரு நிமிடம் வெறும் புல்.

காரைக்குடி மெஸ்ஸிலிருந்து யாக்கூப் பாய் பேசினார்.
எண்பத்தைந்தாம் நாள் வண்டி வரும்.
“ஓடின கோழியா இருக்கணும்மா,
கறியில தெரிஞ்சிரும்.”
ஓடுது பாய், என்றேன்.

மேலே பார்த்துப் பயப்படாதே என்று
பந்தல் கட்டிச் சொல்லிக்கொடுத்தேன்.
காலடிச் சத்தம் கேட்டால் ஓடி வருகின்றன,
என் காலடிக்கு.
பானையை நிமிர்த்துகிறேன்.
தின்கின்றன.

சாயங்காலம் ஒன்று குறைந்தது.
டார்ச் அடித்துத் தேடினோம்.
முந்திரிக் கிளையில், ஆள் உயரத்துக்கு மேலே,
அலகைச் சிறகில் செருகி உட்கார்ந்திருந்தது.
“இறக்கிரவா?” என்றான் சேவுகன்.
கீரி உண்டு. காட்டுப்பூனை உண்டு.
ஒரு கோழி என்ன விலை என்பது
எனக்குத் தெரியாததில்லை.

விடியட்டும் என்றேன்.