வருகைப் பதிவேடு

பூட்டுக்குத் தினமும் தேங்காயெண்ணெய் விடுகிறேன்.
சாவியைக்கூட உப்புக்காற்று தின்னும் ஊர்
பழவேற்காடு.
டச்சுக் கல்லறைக்கு நான் ஒப்பந்தக் காவல்காரன்,
பேர் தேசப்பன்.
வாசலில் இருக்கும் இரண்டு கல் எலும்புக்கூடுகள்
நிரந்தரப் பணியாளர்கள்.

நேற்று ஒரே ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினார்கள்
ஒருவரையொருவர் அறியாத இருவர்.
டார்லீன், ஒஹையோ, அமெரிக்கா.
யோஸ்ட், ஹோர்ன், நெதர்லாந்து.
'நோக்கம்' என்ற கட்டத்தில் அந்தம்மா எழுதியது
பக்கத்துக் கட்டத்துக்கும் வழிந்தது.
அவர் ஒரு சின்னக் கோடு போட்டார்.

ஆயிரத்து அறுநூற்று ஐம்பத்தெட்டு என்று
கல்லில் பார்த்ததும்
அந்தம்மா செருப்பைக் கழற்றினாள்.
யாரும் சொல்லவில்லை.
'எங்கள் தேசத்தைவிட மூத்தது' என்று
உள்ளங்கையை அதன்மேல் வைத்தாள்,
குழந்தைக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோல.
பங்குனி வெயில். சுட்டிருக்கும். எடுக்கவில்லை.

அதே கல்லில் கால் வைத்து
யோஸ்ட் ஷூ லேஸ் கட்டினார்.
அவர் வீட்டுச் சமையலறைச் சுவர்
இதற்கு முப்பது வருடம் மூத்ததாம்.
எப்போதும் ஈரம் கசியுமாம்.
ஓர் ஆணி அடிக்க
நகராட்சிக்கு மனுப்போட வேண்டுமாம்.

படியுங்களேன் என்றாள்.
படித்தார், தடுமாறித் தடுமாறி.
அவர் மொழியிலிருந்து இங்கிலீஷுக்கு,
இங்கிலீஷிலிருந்து என் காதுக்கு
பாதி சிந்தி வந்து சேர்ந்தது:
வணிகர் ஒருவரின் மனைவி, வயது பத்தொன்பது,
பிறக்காத பிள்ளையோடு.
அந்தம்மாவுக்கு அங்கேயே கண் கலங்கிவிட்டது.
என்ன வணிகம் என்று கேட்டாள்.
துணி, என்றார்.

'ஆளும்தான் சார்' என்றேன்.
பஞ்சத்தில் வாங்கிப் பத்தேவியாவுக்கு ஏற்றிய ஆட்கள்.
அவர்களுக்கு இங்கே கல் இல்லை.
யோஸ்ட் தலையாட்டினார். தெரியுமாம்.
பள்ளிக்கூடத்தில் படித்தாராம்,
ஒரு பத்தி. பரீட்சைக்கு வரவில்லை.

அந்தம்மா என் கையைப் பிடித்து
ஸாரி என்றாள், இரண்டு தரம்.
எனக்குக் கூச்சமாகிவிட்டது.
அவளுக்கும் அந்தக் கப்பலுக்கும் என்ன சம்பந்தம்?
பேச்சை மாற்றத்தான் கேட்டேன்:
உங்கள் வீடு இருக்கும் இடத்தில் முன்பு என்ன இருந்தது?
சோளக்காடு என்றாள்.
அதற்கும் முன்னால்?
காடு.
காட்டில் யார்?
போனை எடுத்தாள்.
இங்கே சிக்னல் கிடைக்காது.

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.
ஓணான் ஒன்று எங்கள் மூவரையும் பார்த்தது.
ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் கிளம்பும் நாளில்
பலகைக்கற்கள் லேசாக அதிரும்.
இதுகள் மொத்தமும் வெளியே ஓடிவரும்.
பிறகு திரும்பிப் போய்ப் படுத்துக்கொள்ளும்.

போகும்போது யோஸ்ட்தான் கேட்டார்:
உன் ஆட்கள் எத்தனை தலைமுறையாக இங்கே?
தாத்தா தடா பக்கமிருந்து படகோடு வந்தவர்.
மீன் எண்ணுவது தெலுங்கில், திட்டுவது தமிழில்.
அவருக்கு அப்பா?
ஒருவர் இருந்திருப்பார், சார்.

எங்கள் வீட்டில் வருடங்களுக்கு நம்பர் கிடையாது.
அலைக்கு முன்னால், அலைக்குப் பின்னால்,
அவ்வளவுதான்.
கூடத்துச் சுவரில் என் மார்பளவில்
இன்னும் இருக்கிறது தண்ணீர் நின்ற கோடு.
இரண்டு தரம் வெள்ளையடித்தும்
மேலே வந்துவிட்டது.

ஆட்டோ போனபின் பதிவேட்டை மூடவில்லை.
அன்று கப்பல் ஏறாத எவனோ ஒருவன் வழியாகத்தான்
நான் வந்திருக்க வேண்டும்.
தாழைக்குள் ஒளிந்திருந்தானா?
விலைக்குத் தேறாத நோஞ்சானா?
இல்லை,
பிடித்துக் கொடுத்துக் காசு எண்ணியவனா,
தெலுங்கில்?

பூட்டிவிட்டுப் பாதி வழி வந்தபின்
உள்ளே ஆடு கத்தியது.
மறுபடி போய்த் திறந்தேன்.
அந்தப் பத்தொன்பது வயதுப் பெண்மேல் ஏறி நின்று
வேப்பங்கொழுந்துக்கு எக்கிக்கொண்டிருந்தது.
தின்று முடிக்கட்டும் என்று
நின்றேன்.