முதுகுக் கண்ணாடி

ஐம்பத்து மூன்று கேட்டாள் ஜெர்லின் சுபா.
மயில் வேண்டாம், மாங்காய் வேண்டாம்,
"ஜம்பர் முதுகு முழுக்க வெறும் கண்ணாடி, லில்லிபாய் அக்கா,
வள்ளத்துல சாளை துள்ளுற மாதிரி."

கோட்டாற்றுத் தேருக்கு மூன்று நாள்.
அரக்குத் துணியைச் சட்டத்தில் இழுத்துக் கட்டினேன்.
கண்ணாடிக்குத் துளை கிடையாது.
பசை வைத்தால் இரண்டாம் சலவையில் உதிரும்.
குறுக்கே இரண்டு நூல், நெடுக்கே இரண்டு,
ஜன்னல் கம்பி மாதிரி முதலில் அடைத்துவிட்டு
பிறகு அந்தக் கம்பியையே சுற்றிச் சுற்றி
ஓரத்துக்கு ஒதுக்க வேண்டும்.
ஒன்றுக்கு ஏழு நிமிடம்,
கரண்ட் இருந்தால்.

வெட்டூர்ணிமடத்தை விட்டு மழை போகவில்லை.
போன் வெளிச்சத்தில் தைத்தேன்.
கூரையெல்லாம் புள்ளிகள்.
ஒன்றைப் பிடிக்கப் பாய்ந்த பல்லி
ஏமாந்து
அடுத்ததற்குப் போனது.

ஐம்பத்திரண்டில் டப்பா காலி.
மீனாட்சிபுரத்துக் கடையில் பிளாஸ்டிக்தான் இருக்கிறதாம்.
ஒன்று குறைந்தால் யார் எண்ணப்போகிறார்கள்?
சுபா எண்ணுவாள். பேங்கில் நோட்டு எண்ணுகிற பிள்ளை.

கொய்யா மூட்டில் கிடந்தது,
ஐப்பசியில் ஃபைனான்ஸ்காரர்கள்
எங்கள் பைக்கைத் தள்ளிக்கொண்டு போனபோது
மதிலில் உரசிக் கழன்ற
இடதுபக்கக் கண்ணாடி.
மூன்று தவணை.
"ஒரு மாசம் பொறுங்க" என்று அன்று கேட்ட ஜஸ்டஸ்
அதன்பிறகு யாரிடமும் எதுவும் கேட்பதில்லை.
அதை அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.
மேலே ஒரு நத்தை குடியிருந்தது.

படச்சட்டம் போடும் பீர்கண்ணு அண்ணன் புரட்டிப் பார்த்தார்.
"வளைஞ்ச கண்ணாடி. சொன்ன பேச்சு கேக்காது."
முதல் துண்டு நடுவில் போனது.
இரண்டாவதில் அவர் கட்டைவிரல்.
மூன்றாவது ஒரு ரூபாய்க் காசளவு வந்தது,
ஒரு பக்கம் எலி கடித்ததுபோல.
காசு வாங்கவில்லை.
"பொம்பிளப்பிள்ள முதுகுல வண்டிக் கண்ணாடியா!
பின்னால வாறவன் பாத்து வருவான்."

கடித்த பக்கம் நூலை அடர்த்தியாகக் கொடுத்தேன்.

தேரன்று
மிளகும் உப்பும் விற்கிறவர்களைத் தாண்டி
நெரிசலில் எனக்கு முன்னால் சுபா.
மாமியார் முந்தானையை இழுத்து இழுத்து முதுகை மூட,
அவள் தோளைக் குலுக்கிக் குலுக்கித் திறக்கிறாள்.
தோளில் சீலை போட்டதற்கு அடிவாங்கிய மண் இது.
இப்போது சண்டை நாலு அங்குலத்துக்கு.

ஐம்பத்திரண்டு கண்ணாடியிலும் துணுக்குத் துணுக்காய்
ஒரு சீரியல் பல்பு,
யாரோ ஒருவரின் மீசை,
பலூன் சிவப்பு.
கடைசி ஒன்றில் மட்டும்
எங்களுக்குப் பின்னால் வருவதெல்லாம் இருந்தது, பொடிப்பொடியாக:
தேர், வடம், நனைந்த ரோடு,
தலையைச் சாய்த்து எட்டிப் பார்க்கிற நான்,
எனக்கும் பின்னால்
வலது காலைக் கொஞ்சம் அகற்றி வைக்கும் ஒரு நடை.

வண்டி இல்லாமல் எப்படி வர என்று
வீட்டில் படுத்திருந்த மனுஷன்,
கையில் செருப்போடு.

நான் திரும்பவில்லை.
நடையை மட்டும் குறைத்தேன்.
கண்ணாடி கூட்டத்துக்குள் போய்விட்டது,
கூலியில் நூற்றைம்பது பாக்கியோடு.