ஞாயிறு வரை சிவப்பு

வெள்ளி மாலை
கையுறையை உருவிக் குப்பையில் போடும்போது
விரல்கள் என்னுடையவை போலவே இல்லை.
ஊறி வெளுத்துச் சுருங்கிய பத்துப் பேர்,
யாருக்கோ காத்திருந்து நனைந்தவர்கள்.

கிளாக்ஸ்விக்கில் மழை மேலிருந்து வருவதில்லை,
பக்கவாட்டில் வரும்.
தோளால் தள்ளிக்கொண்டு வீடு சேர்ந்து
விளக்கை மேசைக்கு இழுத்து
கிண்ணத்தில் வெந்நீர், அதில் ஒரு எலுமிச்சை மூடி.
மீன் வாடை எலுமிச்சைக்குப் பயப்படுமாம்.
சால்மன் பயப்படாது.
கொஞ்சம் யோசிக்கும், அவ்வளவுதான்.

முதலில் அரம்.
ஒரே திசையில் தேய்க்க வேண்டும்,
முன்னும் பின்னும் இழுத்தால் நகம் அடுக்கடுக்காய் உரியும்.
டப்பாவின் பின்பக்கம் படித்துத் தெரிந்துகொண்டேன்,
நாற்பத்தாறு வயதில்.
நகக்கண்ணில் எண்ணெய் வைத்து
குச்சியால் தோலைப் பின்னுக்குத் தள்ளுகிறேன்.
வெட்டுவதில்லை.
வாரம் ஐந்து நாள் வெட்டுகிறேன், போதும்.

இடக்கை ஆட்காட்டி விரலில் ஒரு தழும்பு,
மூன்று வருடத்துக்கு முன் கத்தி வழுக்கியது.
அங்கே மட்டும் நகம் கோணலாய் வளரும்,
நாயைக் கண்டு ஒதுங்கி நடப்பவர் போல.

குப்பியின் அடியில் நிறத்தின் பெயர்:
நள்ளிரவுச் செர்ரி.
இந்த ஊரில் கோடைக்கு நள்ளிரவு கிடையாது.
செர்ரி கப்பலில் வரும், பாதி அழுகி.

வலக்கை இடக்கைக்குப் பூசுகிறது.
நடுவில் ஒரு இழுப்பு, ஓரங்களில் ஒவ்வொன்று.
கத்தி பிடித்த கைக்குத் தூரிகை ஒரு பாரமா?
பிறகு இடக்கையின் முறை.
வலக்கை கொடுப்பது இடக்கைக்குத் தெரியக்கூடாதாம்.
என் இடக்கைக்கு நன்றாகத் தெரியும்,
திருப்பிக் கொடுக்கத்தான் தெரியவில்லை.
கட்டைவிரலிலேயே நடுங்கி
தோலெல்லாம் சிவப்பு,
ஜாம் தின்ற பிள்ளையின் வாய் மாதிரி.

அப்போது தொலைபேசி.
அதிர்ந்து அதிர்ந்து அரத்தை நோக்கி நகர்கிறது.
ஹெக்னி.
நகமும் சதையுமாய் இருந்தோம், பதினேழு வருடம்.
நகத்துக்கும் சதைக்கும் நடுவே எவ்வளவு இடமுண்டு,
என்னென்ன போய்ச் சேரும் என்று
இந்த வேலைக்கு வந்த பிறகுதான் பார்த்தேன்.
படகின் இன்சூரன்ஸ் தாள் எங்கே என்று கேட்பான்.
போன வாரம் டிரில்லிங் மெஷின்.
விரல்கள் ஈரம். எடுக்க முடியாது.
உண்மையிலேயே முடியாது,
பொய்கூடச் சொல்ல வேண்டியதில்லை.

காய்வதற்குப் பத்து நிமிடம்.
பாத்திரம் கழுவக் கூடாது, துணி மடிக்கக் கூடாது,
மூக்கு அரித்தால் மணிக்கட்டு.
விரல்களை விரித்துத் தூக்கிப் பிடித்திருக்கிறேன்.
ஜன்னல் கண்ணாடியில் பார்த்தால்
சரணடைந்தவள் மாதிரி இருக்கிறது,
யாரையோ நில் என்று தடுப்பவள் மாதிரியும்.

ஞாயிறு இரவு பஞ்சும் அசிட்டோனும்.
திங்கள் காலை ஆறு மணிக்கு
ஆலை வாசலில் மார்னா நிற்பாள்.
கையை இருபுறமும் திருப்பிப் பார்த்து உள்ளே விடுவாள்.
மீனில் சிவப்புத் துணுக்கு விழக் கூடாது, நியாயம்தான்.
இரண்டு நாளுக்காக இவ்வளவா என்று கேட்டாள் ஒருமுறை.
நீ சனிக்கிழமை சுடும் கேக் மட்டும்
செவ்வாய் வரை இருக்கிறதா என்றேன்.

போன திங்கள்
வலக்கைச் சுண்டுவிரல் ஓரத்தில் ஒரு துளி தப்பிவிட்டது.
மார்னா கையை விடவில்லை.
தன் கட்டைவிரல் நகத்தால் சுரண்டினாள்,
பின்னால் வரிசை முணுமுணுத்தது.
சோல்ரூன், இந்தக் கைக்கு யார் பூசியது
இவ்வளவு மோசமாக?
இடக்கை, என்றேன்.
வெள்ளிக்கிழமை நான் வீட்டில்தான் இருப்பேன் என்றாள்,
அதற்குள் அடுத்தவளின் கையை வாங்கியிருந்தாள்.

வலக்கையில் இன்னும் நான்கு விரல் வெறுமை.
தொலைபேசி மறுபடி நகர ஆரம்பிக்கிறது.
ஆறாவது நிமிடம் எழுந்து
குப்பியை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே வைத்துத் திருகி மூடி
கோட்டுப் பைக்குள் நழுவவிட்டேன்.
ஜிப்பை இழுத்தால் செர்ரி கெட்டுவிடும்.
திறந்த கோட்டோடு மேடேறினேன்.